101ஐ மட்டும் பிரிக்க ஏலாதாம்: இந்தப் பிள்ளையை எப்பிடி வளர்க்கிறது?

ஹம்டன்லேன்_அம்மா
செவ்வாய், இரவு 10.12

வணக்கம். கனநாளா இங்க வாசிச்சுப்போட்டுப் பேசாமல் போற ஆள் நான். இண்டைக்கு எழுதாட்டி நித்திரை வராது போல கிடக்கு.

மகனுக்கு ஏழு வயசு. இரண்டாம் தரம், தமிழ் மீடியம். மூண்டு வயசிலயே கடைப் போர்டுகளை வாசிச்சவன். கொழும்புக் காலி வீதிக்குப் போனால் பஸ் நம்பர் பாக்கிறதுதான் அவன்ர விளையாட்டு. போன கிழமை சவோய் தியேட்டருக்குக் கிட்ட பஸ்சுக்கு நிக்கேக்க சொல்லுறான்: "அம்மா, 100ஐ எப்பிடியும் பிரிக்கலாம். 155ஐ அஞ்சால பிரிக்கலாம். 141ஐ மூண்டால பிரிக்கலாம். 101ஐ மட்டும் ஒண்டுஞ் செய்ய ஏலாது. அது பாவம், தனிய நிக்குது." வீட்ட வந்து போனில போட்டுப் பாத்தன், சரி. இந்தளவு வகுத்தல் வகுப்பில இன்னும் வரேல்லை. அக்காட கொப்பிக்குப் பின்னால இருக்கிற 12 வரையான வாய்ப்பாடு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

நான் பெருமையடிக்க வரேல்லை. வகுப்பில தன்ர வேலையை அஞ்சு நிமிசத்தில முடிச்சுப்போட்டு மற்றப் பிள்ளையளிட்டப் போயிடுறானாம். "வகுப்பைக் குழப்புகிறார்" எண்டு கொப்பியில மூண்டு தரம் எழுதி வந்திட்டுது. மிஸ்ஸைக் குறை சொல்லேல்லை, நாப்பது பிள்ளையளோட அவவும் என்னதான் செய்யிறது. லேனில பெடியள் கிரிக்கெட் விளையாடினா இவன் மதிலில இருந்து ஓவர் எண்ணுவான். கூப்பிட்டாலும் போகான். அண்டைக்கு இரவு படுத்துக் கிடந்து கேக்கிறான், "என்னோட கதைக்க ஏன் ஒருத்தருமில்லை?"

இன்னொண்டு. கலியாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் இவனைச் சுத்தி நிண்டு, "தம்பி, 17ஐ 13ஆல பெருக்குங்கோ பாப்பம்." முதல் வெக்கப்படுவான். இப்ப ஆராவது கேப்பினமோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

இவர் சொல்லுறார், தனியார் பள்ளிக்கூடத்தில போட்டு நேர நாலாம் தரத்துக்கு ஏத்துவம் எண்டு. மாமி வெள்ளிக்கு வெள்ளி மிளகாய் சுத்திப் போடுறா. நான் என்ன செய்யட்டும்?

கொட்டாஞ்சேனைக்காரன்
செவ்வாய், இரவு 10.40

அக்கா, இதுல பிரச்சினை எங்க இருக்குன்னு எனக்கு வெளங்கல. நம்ம புள்ளைக்கு இப்பிடி மூளை இருந்தா நாங்க ஊருக்கே பால்சோறு குடுத்திருப்போம். இப்பவே அஞ்சாந்தர ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் படிப்பிக்கிற கிளாஸ்ல போடுங்க. எங்க பக்கத்துல மூணாந்தரத்துல இருந்தே போறாங்க. அபாகஸும் போடுங்க. நேரமில்லாம போனா தனிமையெல்லாம் தானா போயிடும்.

பழைய_கெட்டிக்காரன்
செவ்வாய், இரவு 11.55

அண்ணை, தயவுசெய்து உந்தப் புத்திமதியைக் குடுக்காதேங்கோ. உப்பிடி வளர்ந்தவன் நான்.

எனக்கு 29 வயசு. அஞ்சாந்தர புலமைப்பரிசிலில 200க்கு 182. பேப்பரில படம் வந்தது, அம்மம்மா அதை ஃபிரேம் போட்டு சாமியறையில கொழுவினா. கொழும்பில பெரிய பள்ளிக்கூடம் ஒண்டு கிடைச்சது. பத்தாம் தரம் வரைக்கும் வீட்ட வந்து புத்தகம் விரிச்சதில்லை, வகுப்பில கேட்டாலே காணும். பிறகு திரிகோணகணிதத்தில ஒரு கணக்கு விளங்கேல்லை. முதல்தரமா விளங்கேல்லை. பக்கத்தில இருந்தவன் கை தூக்கிக் கேட்டான். எனக்குக் கை எழும்பேல்லை. கெட்டிக்காரன் கேள்வி கேக்கலாமோ? அண்டைக்கு அந்தக் கொப்பியை மெத்தைக்குக் கீழ வைச்சன். ஏஎல், அதுதான் உயர்தரப் பரீட்சை, முடியேக்க மெத்தைக்குக் கீழ பதினொரு கொப்பி. மாஸ்ஸில, அதுதான் கணிதப் பிரிவில, மூண்டு எஸ், ஆகக் குறைஞ்ச பாஸ். ரெண்டாந்தரம் எடுக்கவே போகேல்லை.

கஷ்டப்பட்டுப் படிக்கிறது எப்பிடியெண்டு எனக்கு ஒருத்தரும் பழக்கேல்லை. பழக்க வேண்டிய வயசில எல்லாரும் கை தட்டினவை. 1998இல அமெரிக்காவில முல்லர், டுவெக் எண்டு ரெண்டு பேர் அஞ்சாந்தரப் பிள்ளையளை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை. கணக்கு முடிய "நீ கெட்டிக்காரன்" எண்டு ஒரு பகுதிக்கும் "நல்லா முயற்சி செய்தாய்" எண்டு மற்றப் பகுதிக்கும் சொன்னவை. கெட்டிக்காரன் எண்டு கேட்ட பிள்ளையள் அடுத்ததா லேசானதைத் தெரிவு செய்திச்சினம். கஷ்டமானதைக் குடுத்தா கெதியா விட்டிட்டினம். அதை வாசிச்ச நேரம் என்ர மெத்தைதான் ஞாபகம் வந்தது.

அக்கா, கலியாண வீட்டில கேக்கிறவையளை நிப்பாட்டுங்கோ. முதல் வேலை அது.

கொட்டாஞ்சேனைக்காரன்
புதன், காலை 6.20

தம்பி, உங்க கதை கவலைதான். ஆனா ஒரு ஆளுக்கு நடந்தத வச்சு எல்லாருக்கும் சட்டம் போட ஏலாது. ராமானுஜன் என்ன ஸ்கொலர்ஷிப் கிளாஸா போனாரு? திறமை இருந்தா மேல வந்துரும்.

ஓய்வுபெற்ற_டீச்சர்
புதன், முற்பகல் 9.05

ராமானுஜனைச் சொன்னபடியால் எழுதுகிறேன். கும்பகோணம் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் சறுக்கியதால் பறிபோனது. வீட்டை விட்டு ஓடினார். பிறகு சென்னையிலும் தேறவில்லை. துறைமுகக் கணக்குப்பிள்ளை வேலையில் இருந்தபோது யாரோ சிலர் கவனித்தபடியால்தான் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். தானாக மேலே வந்த கதை அல்ல அது, மயிரிழையில் தப்பிய கதை. தப்பாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மகள், நான் 34 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தேன். எங்கள் காலத்தில் "டபுள் புரமோஷன்" இருந்தது. என் வகுப்பிலேயே ஒரு பையனை அப்படி ஏற்றினார்கள். கணக்கில் முதலாம் ஆள். ஆனால் மற்றவர்களுக்கு மீசை அரும்பும்போது இவன் பென்சில் பெட்டிக்கு அழுதுகொண்டிருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவசரப்பட வேண்டாம்.

வகுப்பில் குழப்புகிற பிள்ளைக்கு நான் செய்தது ஒன்றுதான். முடித்தவுடன் "இன்னும் பத்துக் கணக்கு" கொடுக்கமாட்டேன். அது தண்டனை. பிள்ளை அடுத்த நாளிலிருந்து மெதுவாகச் செய்யப் பழகிவிடும். அதற்குப் பதிலாக, "இந்த விடை வருகிற மாதிரி நீ ஒரு கணக்கை உருவாக்கு" என்பேன். அரை மணித்தியாலம் சத்தம் இருக்காது. உங்கள் மிஸ்ஸிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம், நேரில் போங்கள். போகும்போது ஒரு கொப்பியும் வாங்கிக்கொண்டு போங்கள், அது அவனுடைய "சொந்தக் கணக்கு" கொப்பி.

கணக்கு_சேர்
புதன், பிற்பகல் 2.30

டீச்சரோட ஒரு இடத்தில் முரண்படுகிறேன். வகுப்பு ஏற்றினால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது நாம் பார்த்த ஒன்றிரண்டு பேரை வைத்துச் சொல்வது. அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2004இல் வந்த அறிக்கை ஐம்பது வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏற்றப்பட்ட பிள்ளைகள் படிப்பில் நன்றாகவே செய்தார்கள், பழக்கவழக்கத்திலும் பொதுவாகப் பின்தங்கவில்லை. ஆனால் இங்கே அந்தக் கதவு அநேகமாக மூடித்தான் இருக்கிறது. ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பினால் முதலாம் தரம், அதற்குப் பிறகு அரச பள்ளியில் வயதோடுதான் வகுப்பு.

முழு வகுப்பையும் தாண்டத் தேவையில்லை. கணித மேதை டெரன்ஸ் தாவோ எட்டு வயதில், அமெரிக்காவில் பல்கலைக்கழகம் போக எழுதும் சாட் பரீட்சையின் கணிதப் பகுதியில் 760 எடுத்தவர். அடிலெய்டில் அவரது பெற்றோர் பாடத்துக்குப் பாடம் வேறு வேறு வகுப்பில் இருத்தினார்கள், கணக்குக்கு மேல் வகுப்பு, மற்றவற்றுக்குக் கீழே. எந்தப் பாடத்தில் ஓடுகிறதோ அதில் மட்டும் ஓட விடுவது.

அம்மாவிடம் ஒரு கேள்வி. 101ஐப் பிரிக்க ஏலாது என்று மகனுக்கு எப்படித் தெரியும்? எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்தாரா? கேட்டுவிட்டு அவர் சொன்ன வசனத்தை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.

ஹம்டன்லேன்_அம்மா
புதன், இரவு 8.47

கேட்டன் சேர். புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து கூடப் பாக்கேல்லை. "பத்து வரைக்கும்தான் பாத்தனான். பத்துப் பத்து நூறு. அதுக்கு மேல பாக்கத் தேவையில்லை."

ஏன் தேவையில்லை எண்டு கேட்டன். "தேவையில்லை எண்டா தேவையில்லை" எண்டிட்டு சம்பல் கேட்டான்.

டீச்சர், நாளைக்கே கொப்பி வாங்கிறன். நன்றி.

மட்டக்குளி_மாலைவகுப்பு
புதன், இரவு 11.10

எல்லாரும் கோவிக்காதீங்க, ஒண்ணு சொல்லணும். இந்த இழையில "மீத்திறன் பிள்ளை", அதாவது வயசுக்கு மீறின கெட்டிக்காரப் பிள்ளைனு பேசுறது எல்லாம் யாரோட பிள்ளை? கவனிச்சுப் பாக்க அம்மாவுக்கு நேரம் இருக்கிற வீட்டுப் பிள்ளை.

நாங்க ரெண்டு பேர் இங்க ஒரு தோட்டத்துல, அதாவது சின்னச் சின்ன வீடுங்க நெருக்கமா இருக்கிற குடியிருப்புல, சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்கிறோம். ஒரு பிள்ளை இருக்கு, ஒன்பது வயசு. அம்மா வடை போடுறாங்க, இது பக்கத்துல நின்னு காசு வாங்கும். நாலு பேர் ஒரே நேரத்துல ஆயிரம் ரூபா தாளை நீட்டினாலும் யாருக்கு எவ்வளவு மிச்சம்னு தடுமாறாது. பேனை, பேப்பர் ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல அது "மொக்கு". ஏன்னா கொப்பி கொண்டு போறதில்ல, கிழமையில ரெண்டு நாள் போறதே இல்ல. அதுக்கு யாரு இழை திறப்பாங்க?

1921இல கலிபோர்னியாவுல டெர்மன்னு ஒருத்தர் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல பிள்ளைங்களைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் பூரா பின்தொடர்ந்தாரு. முதல்ல டீச்சர்மார் சுட்டிக்காட்டின பிள்ளைங்க, அதுக்குப் பிறகு ஐகியூ பரீட்சை. அதுல எடுபடாமப் போன ரெண்டு பையன்கள் ஷொக்லியும் அல்வாரெஸும். ஒருத்தருக்கு 1956, மத்தவருக்கு 1968, பௌதிகவியல் நோபல். தெரிவான கூட்டத்துல ஒருத்தருக்கும் நோபல் இல்ல. பரீட்சையே செய்யாத இந்தத் தோட்டத்துல எத்தனை பேர்னு நீங்களே யோசிங்க.

ஹம்டன்லேன்_அம்மா
வியாழன், காலை 5.50

வாசிக்கேக்க முதல் கோவம்தான் வந்தது, மறைக்கேல்லை. என்ர பிள்ளை இரவில அழுதது வசதி இருக்கிறபடியாலோ எண்டு. பிறகு வடைக்கடைப் பிள்ளைதான் கண்ணுக்குள்ள நிக்குது. எந்த நாள் வகுப்பு? நான் வந்து ஏதும் செய்யலாமோ? மகனையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?

மட்டக்குளி_மாலைவகுப்பு
வியாழன், காலை 7.15

சனி, ஞாயிறு நாலு மணி. நீங்க வாங்க. மகனும் வரட்டும். ஆனா யாரும் அவர்கிட்ட பெருக்கல் கேக்க மாட்டாங்க, அதுக்கு ரெடியா வரச் சொல்லுங்க.

தெமட்டகொட_உம்மா
வியாழன், முற்பகல் 11.32

நானும் ஒண்டு எழுதுறன். எங்கட மகளுக்குப் பத்து வயசு. வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டி, என்னத்தால சுடுகுது எண்டு வாப்பாக்கு விளக்கம் சொல்ற ஆள். கதை சொல்லச் சொன்னா ஒரு மணித்தியாலம். ஆனா ஒரு பக்கம் எழுதச் சொன்னா அழுகை. ர, ற மாறும், வரி விட்டுப் போகும், போர்டில உள்ளதைப் பாத்தெழுதி முடியிறதுக்குள்ள மிஸ் அழிச்சிருவாங்க. "வாய் மட்டும்தான், சோம்பேறி" எண்டு ரிப்போர்ட்டில எழுதினாங்க. நாங்களும் ஏசினம். ரெண்டு வருசம் ஏசினம்.

பிறகுதான் ஒரு டொக்டர் சொல்லி டெஸ்ட் செஞ்சம். விஸ்க் எண்டு சொல்றது, பிள்ளைகளுக்குச் செய்ற ஐகியூ டெஸ்ட். மொத்தமா வந்த நம்பர் 104. நூறுதான் சராசரி, அப்ப சாதாரணப் பிள்ளை எண்டு நெனச்சிக்கிட்டு எழும்பப் போனம். டொக்டர் இருக்கச் சொன்னாங்க. அந்த டெஸ்ட்ல அஞ்சு பகுதி, ஒவ்வொண்டுக்கும் தனி நம்பர். யோசிச்சுக் கண்டுபிடிக்கிற பகுதியில 132. நூறு பேரை நிப்பாட்டினா அதுக்கு மேல ரெண்டு பேர்தான் வருவாங்களாம். வேகமா எழுதுற பகுதியில 78. கூட்டிக் குழைச்சா சாதாரணம். பிரிச்சுப் பாத்தா ரெண்டு பிள்ளை ஒரே சட்டைக்குள்ள. கெட்டித்தனமும், வாசிக்க எழுதத் தடுமாறுற டிஸ்லெக்ஸியாவும் ஒண்டா இருக்க ஏலுமெண்டு எனக்கு அது வரைக்கும் தெரியாது. ஒண்டு மத்ததை மறைச்சிருமாம்.

அதனால, டெஸ்ட் செய்றதா இருந்தா மொத்த நம்பரைக் கேட்டு வீட்டுக்கு வராதீங்க. பகுதியா எழுதி வாங்குங்க. அந்த டெஸ்ட் அமெரிக்கப் பிள்ளைகளை வச்சு அளவெடுத்தது, சொல்லுக்குப் பொருள் கேக்கிற பகுதி தமிழ் மீடியப் பிள்ளைக்கு அநியாயம் எண்டும் டொக்டரே சொன்னாங்க. வாயால சொன்னதை நான் எழுதிக் குடுக்கலாம் எண்டு இப்ப ஸ்கூல்ல ஒத்துக்கிட்டாங்க. இந்தத் தவணை அழுகை குறைவு.

டொராண்டோ_சித்தப்பா
வியாழன், மாலை 6.01

ஒன்ராறியோவில மீத்திறனும் விசேட கல்விச் சட்டத்துக்குள்ளதான் வரும். அதாவது பிள்ளைக்குத் தேவை ஒண்டு இருக்கு எண்ட கணக்கு, பரிசு குடுக்கிற கணக்கு இல்லை. 1905இல பாரிசில பினே எண்டவர் இந்த மாதிரி முதல் டெஸ்டைச் செய்ததே வகுப்பில உதவி தேவைப்படுற பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான். ஆனா எங்கட தமிழ்ச் சனம் இங்கயும் அதை ஸ்கொலர்ஷிப் மாதிரி ஆக்கிப்போட்டுது. "கிஃப்டட் டெஸ்டுக்கு" ரியூசன் குடுக்கிறாங்கள், கேட்டியளோ!

கொட்டாஞ்சேனைக்காரன்
வியாழன், மாலை 6.30

ஹா ஹா. அப்ப நான் மட்டும் இல்ல.

ஓய்வுபெற்ற_டீச்சர்
வியாழன், இரவு 7.20

புலமைப்பரிசில் பரீட்சையை எல்லாரும் ஏசுகிறீர்கள். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு மத்திய கல்லூரிகள் வந்தபோது, கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மேலே வர இருந்த ஒரே ஏணி அது. மட்டக்குளித் தம்பி சொன்ன வடைக்கடைப் பிள்ளைக்காகத்தான் அது. எட்டு வயதிலிருந்து ரியூஷன் எடுக்கிறவர்கள் அந்த ஏணியில் முன்வரிசை பிடித்துக்கொண்டார்கள். ஏணியில் பிழை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முழுப் பிழையும் ஏணியில் இல்லை.

கணக்கு_சேர்
வியாழன், இரவு 9.15

அம்மா, மகனுடைய பதிலுக்கு வருகிறேன். "பத்து வரைக்கும் பார்த்தால் போதும்" என்பது 101க்குச் சரி. ஏழு வயதில் அதைத் தானாகப் பிடித்தது உண்மையிலேயே பெரிய விசயம், நான் ஒன்பதாம் தரத்துக்குச் சொல்லிக் கொடுத்தும் பாதிப் பேருக்கு ஏறாது. ஆனால் ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு விதியைக் கண்டெடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது தேவை ஒரு பிழை. வீட்டில், யாரும் பார்க்காத இடத்தில். கட்டுநாயக்க பஸ் நம்பர் 187. அதைப் பிரிக்க ஏலுமா என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள். "சேர் பிரிக்கலாம் என்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய_கெட்டிக்காரன்
வியாழன், இரவு 9.40

சேர், எனக்கு இதை ஏழு வயசில ஆராவது செய்திருந்தா.

ஹம்டன்லேன்_அம்மா
ஞாயிறு, இரவு 9.58

ரெண்டு நாளா எழுத ஏலாமல் போச்சு. நடந்ததைச் சொல்லுறன்.

வெள்ளி பின்னேரம் கேட்டன். ரெண்டு, மூண்டு எண்டு விரலை மடக்கிக்கொண்டு போனான். பத்தில நிண்டான். "ஏலாது அம்மா. இதுவும் 101 மாதிரி. தனிய." சேர் பிரிக்கலாம் எண்டு சொல்லுறார் எண்டன். முகம் மாறிச்சுது. திரும்ப முதலிலிருந்து பாத்தான். "சேருக்குத் தெரியாது" எண்டு பென்சிலை எறிஞ்சான். கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திட்டான். உண்மையாவே கட்டிலுக்குக் கீழ. முக்கால் மணித்தியாலம். மாமி வந்து, "பிள்ளையை ஏன் வதைக்கிறாய், விடையைச் சொல்லன்" எண்டு என்னோட சண்டை. எனக்கும் வாய் வரைக்கும் வந்திட்டுது. பழைய கெட்டிக்காரன் தம்பியின்ர மெத்தையை நினைச்சுக்கொண்டு பேசாமல் இருந்தன்.

சனி மட்டக்குளிக்குப் போனம். இவன் மூலையில நிண்டான், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பெருசா ஒண்டும் நடக்கேல்லை. திரும்பி வரேக்க 155இல "அந்த அக்கா காசை பெரிய தாளிலயிருந்து எண்ணுறா, நான் சின்னதில இருந்து எண்ணுவன்" எண்டு மட்டும் சொன்னான்.

இண்டைக்கு விடிய அஞ்சு மணி இருக்கும். ஆரோ தோளில தட்டினமாதிரி. கண் முழிச்சா இவன் கொப்பியோட நிக்கிறான், டீச்சர் சொல்லி வாங்கின அந்தக் கொப்பி. "அம்மா, பதினொண்டு. பதினொண்டும் பதினேழும்." சிரிக்கேல்லை. கோவமாத்தான் சொன்னான், ஆரோ தன்னை ஏமாத்தினமாதிரி. பக்கம் முழுக்க அழிச்சு அழிச்சு ஓட்டையாப் போயிருந்தது.

தேத்தண்ணி குடிக்கேக்க கேக்கிறான், "அப்ப எங்க வரைக்கும் பாக்கோணும்? பதினொண்டு வரைக்கும் பாத்தா காணுமோ?" வாய்ப்பாடு 12ஓட முடியுதே, அதுக்கு மேல இருந்தா என்ன செய்யிறது எண்டு அக்காவையும் போட்டுக் குடையிறான். சேர், தயவுசெய்து இங்க விடையை எழுதிப்போடாதேங்கோ. என்ர தோளுக்குப் பின்னால நிண்டு வாசிக்கிறான்.

இவரும் நாலாம் தரக் கதையை இந்த வருசம் எடுக்கேல்லை எண்டிட்டார். அடுத்த வருசம் பாப்பம்.

கணக்கு_சேர்
ஞாயிறு, இரவு 10.20

எழுதமாட்டேன். தம்பி, பின்னால் நிற்கிறீர்கள் என்றால் உங்களுக்கு: 221.

கொட்டாஞ்சேனைக்காரன்
ஞாயிறு, இரவு 11.05

சேர், இந்த 221 எதுல பிரியும்? நான் முக்கால் மணி நேரமா பாக்குறேன்.